கழுத்துப்பட்டி கட்டாத முகாமையாளர்

கல்முனையில் கோட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காற்றிலேயே உப்புப் பிசுபிசுக்கும் ஊர். காலை ஒன்பது மணிக்கே சேர்ட் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி எண்ணக்கூடிய சிலரில் இஸ்ஸதீனும் ஒருவர். காப்புறுதிக் கம்பனி ஒன்றின் கல்முனைக் கிளைக்கு அவர்தான் முகாமையாளர். சாய்ந்தமருதிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். கோட்டைப் பையில் மடித்துக் கொண்டுவந்து, கிளை வாசலில் நின்று உதறிப் போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவார். கருநீலக் கோட், வெள்ளைச் சேர்ட், மேல் பொத்தான் திறந்தபடி இருக்கும். டை என்கிற கழுத்துப்பட்டி மட்டும் கிடையாது.

பட்டி இல்லாமல் கோட் போடுவதில் ஒரு சங்கடம் உண்டு. கொலர் தொய்ந்து கோட்டின் மடிப்புக்குள்ளே புதைந்துவிடும். ஆள் களைத்துப்போய்ப் பட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தவர் மாதிரித் தெரிவார். இஸ்ஸதீனின் கொலர் அப்படித் தொய்வதில்லை. பஸாரில் தையற்கடை வைத்திருக்கும் தங்கராசா, அவருடைய கொலருக்குள் வழக்கத்தைவிடத் தடித்த கன்வஸ் வைத்து, அடிப்பட்டையைக் கால் அங்குலம் உயர்த்தி, இரண்டாவது பொத்தானைச் சற்று மேலே ஏற்றித் தைத்துக் கொடுப்பார். அந்தக் கொலர் மாலைவரை நிமிர்ந்தே நிற்கும்.

கடந்த சில வருடங்களாக ஊர் அந்தக் கொலரைக் கவனிக்கத் தொடங்கியிருந்தது. பெரிய கம்பனிகளின் தலைவர்களே பட்டி கட்டாமல் மேடையேறும் படங்கள் கைத்தொலைபேசியில் வருகிற காலம். கல்யாண மாப்பிள்ளைகள்கூடத் தங்கராசாவிடம் வந்து, “இஸ்ஸதீன் சேர் போடுற மாதிரித் தைச்சுத் தாங்க” என்று கேட்டார்கள்.

“சேர், இந்த பெஷன நீங்க இருபது வருசத்துக்கு முதலே தொடங்கிட்டீங்க,” என்றார் தங்கராசா ஒருநாள், தோளில் அளவுநாடாவோடு. “இப்பதான் உலகம் உங்களுக்குப் பின்னால வருது.”

இஸ்ஸதீன் சிரித்தார். அந்த எண்ணிக்கை சரியாக இருந்தது அவருக்குள் எங்கோ குத்தியது.

ஏன் கட்டுவதில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒவ்வொரு பதில் வைத்திருந்தார். முதன்முதல் கேட்டவர் பள்ளிவாசலில் சேர்ந்து தொழுகிற ஒரு சிநேகிதர். “மாஷா அல்லாஹ், டை மத்த மார்க்கத்துக்காரன்ட அடையாளம், நமக்கெதுக்கு எண்டு விட்டுட்டீங்க போல,” என்றார் அவர். வேறு பதில் தேட வேண்டியிருக்கவில்லை. “ஓம், அப்பிடித்தான்,” என்றார் இஸ்ஸதீன். அந்தப் பதில் ஊருக்குள் அவருக்கு ஒரு மதிப்பைக் கொண்டுவந்தது. மார்க்கப் பேணுதலான மனிதர் என்றார்கள். அவருக்கு அது கூச்சமாக இருந்தாலும், மேற்கொண்டு யாரும் கேட்காமல் விட்டது நிம்மதியாக இருந்தது.

2019ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிற்றுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அதே பதில் அவர்மேல் திரும்பியது. நாடு முழுவதும் முஸ்லிம் ஆண்களின் தாடியையும் உடுப்பையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள். தலைமை அலுவலகம் அவரைக் கொழும்புக்குக் கூப்பிட்டு, கண்ணாடி அறை ஒன்றில் அரை மணித்தியாலம் உட்கார வைத்தது. பட்டி கட்டாதது மார்க்கக் காரணத்துக்காக என்று கிளையில் கதை இருக்கிறதே, எப்போதிருந்து இப்படி இறுக்கமானவரானீர்கள் என்று இரண்டு பேர் மாறி மாறிக் கேட்டார்கள். முகம் மழித்த, பத்து வருடம் தொடர்ந்து இலக்கை எட்டிய மனிதர் அவர்களுக்கு முன்னால் வேர்த்துக்கொண்டிருந்தார். “இல்லை, இது ஸ்டைல்,” என்று சொன்னார். தொலைபேசியில் வெளிநாட்டுப் படங்களைத் தேடி எடுத்துக் காட்டினார். அவர்கள் சிரித்து, தேநீர் வரவழைத்து, அனுப்பிவைத்தார்கள்.

கம்பனி வைத்தியருக்குச் சொன்ன காரணம் கழுத்தெலும்புத் தேய்வு. மனைவி றுமானாவுக்குச் சொன்னது வெக்கை.

றுமானா அதை நம்பினாள். அவள் அவரை எல்லாவற்றிலும் நம்பினாள். சாய்ந்தமருதில் கடற்கரைக்கு மூன்றாவது தெருவில் இருந்த அவளுடைய சீதன வீட்டுக்குத்தான் அவர் மாப்பிள்ளையாக வந்தார். அந்த வீடு சுனாமியில் போனது, மூத்த மகள் ஸகியாவும் போனாள். ஸகியாவுக்கு அப்போது நான்கு வயது. அன்று றுமானா கைக்குழந்தை றுஸ்தாவோடு சம்மாந்துறையில், தங்கச்சியின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். ஸகியா மட்டும் வாப்பாவை விட்டுப் போகமாட்டேன் என்று அழுது நின்றுவிட்டாள். அடக்கம் செய்ய மையத்துக் கிடைக்கவேயில்லை. “தண்ணி இழுத்துட்டுப் பெய்த்து,” என்று இஸ்ஸதீன் சொன்னார். மகளைத் தேடித் தேடி மண்ணில் புரண்ட றுமானா, அடுத்த மாதமே அவருக்கு ஆறுதல் சொல்கிறவளாக மாறினாள். “நீங்க என்ன செய்யுற? அல்லாஹ்ட நாட்டம். ஒங்களால ஏலுமான மட்டும் புடிச்சிரிப்பீங்கதானே,” என்று அவர் தலையைத் தடவிக்கொடுப்பாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். கடலிலிருந்து மேற்கே தள்ளி அரசாங்கம் கட்டிக் கொடுத்த புதிய வீட்டில் அந்த வார்த்தைகளைக் கேட்டுக்கேட்டே இருபது வருடங்கள் போயின. றுஸ்தா வளர்ந்து, மருதமுனையில் கல்யாணம் முடித்துப் போய்விட்டாள்.

இப்படியிருக்க, கம்பனிக்கு இருபத்தைந்து வருடம் நிறைந்தது. கொழும்பில் பெரிய ஹோட்டலில் விழா என்று சுற்றறிக்கை வந்தது. அந்த ஆண்டின் சிறந்த கிளை கல்முனை. கிளை முகாமையாளர் மேடையேறி விருது வாங்க வேண்டும். ஆண் முகாமையாளர்கள் எல்லோரும் கம்பனிச் சின்னம் போட்ட மெரூன் நிறப் பட்டி கட்டியே வர வேண்டும், குழுப்படத்தில் ஒரே மாதிரித் தெரிய வேண்டும் என்று புதிய பொது முகாமையாளர் கட்டளை போட்டிருந்தார். பட்டியை வீட்டு விலாசத்துக்கே அனுப்பினார்கள்.

அது வந்த அன்று சனிக்கிழமை. இஸ்ஸதீன் மாலை அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்குள் நுழையும்போதே, எப்போதும்போல மூத்தவளின் பெயரை வைத்து அவரைக் கூப்பிடும் றுமானாவின் குரல் கேட்டது.

“ஸகியாட வாப்பா, இஞ்ச வாங்க ஒருக்கா. கொம்பனியால பெட்டி வந்திரிக்கி.”

பெட்டியை அவளே உடைத்திருந்தாள். பட்டியை மடிப்புக் கலையாமல் மேசையில் விரித்து, அதன் பளபளப்பை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலுமாரியிலிருந்த புதுக் கோட்டையும் எடுத்துக் கதிரையில் போட்டிருந்தாள்.

“எனக்கு வேணாம் புள்ள. அத வெய்.”

“ஒரு நாளைக்கித்தானே. வெக்கையெல்லாம் ஏசி ஹோல்ல இரிக்காது. கலியாணத்தில கட்டின பொறகு ஒங்கள டையோட நான் எங்க கண்ட? றுஸ்தாவும் போட்டோ கேட்டிரிக்காள்.”

அவர் நகரவில்லை. நாற்பத்தேழு வயதிலும் ஏதாவது ஆசைப்பட்டால் றுமானாவின் முகத்தில் ஒரு சிறுபிள்ளைத்தனம் வரும். அதைப் பார்த்துக்கொண்டு மறுக்க அவரால் முடியவில்லை. அவள் குதிகாலை உயர்த்தி, பட்டியை அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். முடிச்சுப் போடத் தெரியாமல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுவது மாதிரி ஏதோ கட்டினாள். பின்னால் ஒரு அடி தள்ளி நின்று, சரியாக இருக்கிறதா என்று பார்த்து, நுனியைப் பிடித்துக் கீழே ஓர் இழுவை இழுத்தாள்.

இஸ்ஸதீன் நிலை தடுமாறினார். கதிரையைப் பிடித்தார், கதிரையும் சேர்ந்து சரிந்தது. நிலத்தில் இருந்தபடி இரண்டு கையாலும் கழுத்தைப் பிய்த்தார். றுமானா பயந்துபோய்த் தண்ணீருக்கு ஓடப் பார்த்தாள். அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான்தான் கழட்டின.”

“என்னத்த?”

“டைய. அண்டைக்கி. நான்தான் கழட்டின புள்ள.”

பிறகு அவர் நிறுத்தவில்லை. இருபது வருடமாக ஒரு சொல்லும் வெளியே வராதது, நிலத்தில் இருந்தபடியே, மாலை வெயில் யன்னலால் விழுந்துகொண்டிருந்தபோது வெளியே வந்தது.

சுனாமி வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா விடுமுறையும்கூட. ஆனாலும் ஆண்டு முடிவு என்பதால் கம்பனி எல்லோரையும் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தது. அப்போது அவர் சாதாரண விற்பனை உத்தியோகத்தர். எட்டரை மணிக்கெல்லாம் சேர்ட்டும் பட்டியுமாக வெளிக்கிட்டுவிட்டார். ஸகியாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வாப்பா இடுப்பில் தூக்கினால் கழுத்தைக் கட்டிக்கொள்ள மாட்டாள். பட்டியின் நுனியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொள்வாள். அப்படிப் பிடித்துக்கொண்டுதான் வாசலுக்கு வந்தாள். அந்த நேரம் கடற்கரைப் பக்கமிருந்து சனம் கத்திக்கொண்டு ஓடிவந்தது. அவரும் பிள்ளையோடு ஓடினார். இரண்டாவது ஒழுங்கையில் கறுப்புத் தண்ணீர் அவரைப் பிடித்தது.

ஒரு வீட்டு யன்னல் கம்பியை இடக்கையால் பற்றிக்கொண்டார். வலக்கையால் பிள்ளையை நெஞ்சோடு அணைத்திருந்தார். தண்ணீர் தாடைவரை ஏறியது. அப்போது மரக்கதவொன்றோ அலுமாரியோ, மிதந்துவந்த ஏதோ ஒன்று வலத்தோளில் மோதியது. கை மரத்து விழுந்தது. பிள்ளை நழுவினாள். ஆனால் போகவில்லை, பட்டி அவளுடைய கையில் சுற்றியிருந்தது. தண்ணீரின் முழு இழுவையும் அவளுடைய பாரமும் சேர்ந்து அவர் கழுத்தில் இறங்கின. மூச்சு நின்றது. கண் இருண்டது. தலைக்குள் இடி மாதிரி ஏதோ அடித்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று அவருக்குத் தெரியாது. வலக்கையில் உணர்வு திரும்பியது மட்டும் தெரியும்.

“கை திரும்பிட்டு புள்ள,” என்றார். “அந்தக் கையால அவள எட்டிப் புடிச்சிரிக்கலாம். ஒரு முழம்தான் தூரம். கை அவளுக்கிட்டப் போகல்ல. கழுத்துக்குப் போச்சி.”

தினமும் வேலைவிட்டு வந்து செய்கிற அதே அசைவை அந்தக் கை செய்தது. முடிச்சுக்குள் விரல் விட்டுத் தளர்த்தி, தலைக்கு மேலால் எடுத்தது. மூச்சு வந்தது. மூச்சு வந்த பிறகுதான் அவருக்குத் தான் செய்தது விளங்கியது.

றுமானா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. வெளியே யாரோ ஐஸ்கிரீம் வண்டியில் மணியடித்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை அவள் காத்திருந்தாள் போலிருந்தது.

“கழட்டின பொறகும் அவள் அத புடிச்சிட்டுத்தான் இருந்தாளா?”

அவள் கேட்டது இது ஒன்றைத்தான். இல்லை என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்றும் சொல்லியிருக்கலாம். எல்லோருக்கும் பொய்யான பதில் கொடுத்துப் பழகியவருக்கு அந்த நேரம் பொய் வரவில்லை.

“ஓம்,” என்றார். “கையில சுத்தின மாதிரியே. என்னப் பாத்துக்கிட்டுப் போனாள்.”

அவள் பக்கம் திரும்பி, “என்ன மன்னிச்சிரு புள்ள,” என்றார்.

“மன்னிக்கிறத்துக்கு நான் தண்ணிக்குள்ள நிக்கல்ல,” என்றாள் றுமானா. குரல் உயரவில்லை. “அத எனக்கிட்டக் கேக்காதீங்க. ஆனா இருவது வருசம். ஒங்களால ஏலுமான மட்டும் புடிச்சிரிப்பீங்க எண்டு எத்தின நாள் செல்லியிரிக்கன்? நான் செல்லச் செல்லக் கேட்டுக்கிட்டுக் கிடந்தீங்களே.”

அவள் எழும்பிப் போய்க் கைகால் கழுவி உளூச் செய்தாள். தொழுதாள். நெற்றியை நிலத்தில் வைத்த சுஜூதிலிருந்து அவள் தலை எழும்ப வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. அடுத்த நாள் நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன் ஒரு பையில் உடுப்பை அடுக்கிக்கொண்டு, முச்சக்கர வண்டி பிடித்து மருதமுனைக்குப் போனாள். பானையில் அவருக்குச் சோறு இருந்தது. மீன்கறியும் இருந்தது.

றுஸ்தா தொலைபேசி எடுத்தாள். “வாப்பா, உம்மாக்கு என்ன? கேட்டா ஒண்டும் செல்றாவில்ல. ரெண்டு பேரும் சண்டையா?”

“இல்ல மகள். உம்மா கொஞ்ச நாள் அங்க நிக்கட்டும்.”

“நீங்க தனியாச் சமைச்சுச் சாப்பிடுறீங்களா? நான் வரவா?”

“வேணாம். நான் கொழும்புக்குப் போற. பரிசளிப்பு.”

போகாமல் விடத்தான் நினைத்திருந்தார். வீட்டில் இருக்க முடியாமல்தான் போனார். ஹோட்டல் வாசலில் பெயர்ப் பட்டியலோடு இருந்த பெண் அவரைப் பார்த்ததும் சிரித்து, தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். பட்டி எங்கே என்று அர்த்தம். பட்டி அவருடைய கோட் பைக்குள்தான் இருந்தது. ஏன் எடுத்துக்கொண்டு வந்தார் என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. ஒப்பனை அறைக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்றார். இத்தனை வருடமும் வெறுங்கழுத்தோடு இருந்தது ஸகியாவுக்காக என்று ஒரு நினைப்பு அவருக்கு இருந்தது. தண்டனை மாதிரி, நோன்பு மாதிரி. இப்போது சொல்லியாகிவிட்டது. இனி அந்தக் கழுத்தை யாருக்காக வெறுமையாக வைத்திருப்பது?

கொலரை நிமிர்த்தினார். கை முடிச்சை மறந்திருக்கவில்லை. ஒரே தடவையில் அழகாக விழுந்தது. மேலே ஏற்றி இறுக்கினார். வீட்டில் வந்த மாதிரி வரும் என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். கழுத்து நெரியும், கண் இருளும், விழுந்துவிடுவேன் என்று எதிர்பார்த்தார். வர வேண்டும் என்றே விரும்பினார்.

ஒன்றும் வரவில்லை. மூச்சு சீராகப் போய் வந்தது. ஒரு துண்டுத் துணி அவருடைய கழுத்தில் துணியாகவே கிடந்தது. பக்கத்தில் கைகழுவிய யாரோ, “வெரி ஸ்மாட்” என்று சொல்லிவிட்டுப் போனார். இஸ்ஸதீன் கழுவுதொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அழ முயன்றார். அதுவும் வரவில்லை.

மேடையேறினார். பொது முகாமையாளர் கையைக் குலுக்கி, கெமராவைப் பார்க்கச் சொன்னார். பார்த்தார். மாலையே அந்தப் படம் கிளையின் வட்ஸப் குழுவுக்கு வந்து, அங்கிருந்து ஊரெல்லாம் போனது. தங்கராசா தொலைபேசி எடுத்துப் பேசினார்: “சேர், கடைசியில நீங்களும் கட்டிட்டீங்க! ஆனா உங்கட கொலருக்கு அது பொருந்தாது, நான் வேற மாதிரித் தைச்சுத் தாறன்.” றுஸ்தாவும் உம்மாவுக்குக் காட்டியிருக்கிறாள். உம்மா படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தா, பிறகு தொலைபேசியைத் திருப்பிக் கையில் தந்துவிட்டு உடுப்புக் கழுவப் போனா என்று மகள் சொன்னாள். “உம்மாக்கு நல்ல சந்தோசம் போல வாப்பா” என்றும் சொன்னாள். அவர் ஓம் என்றார்.

பதின்மூன்றாவது நாள் றுமானா திரும்பி வந்தாள். சம்பந்தி வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும்? வந்து வீட்டைக் கூட்டினாள், சமைத்தாள், அவருடைய சேர்ட்டுகளைக் கழுவி அயன் பண்ணினாள். ஊரில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. நோன்புப் பெருநாளைக்கு இரண்டு பேரும் சேர்ந்தே சம்மாந்துறைக்குப் போய் வந்தார்கள். அங்கே விருந்தில், எல்லோருக்கும் முன்னால், “றுஸ்தாட வாப்பா, ஒங்களுக்கு இன்னும் சோறு போடட்டா?” என்று அவள் கேட்டாள். அவளுடைய தங்கச்சி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். இஸ்ஸதீன் சோற்றுப் பீங்கானைக் கையால் மூடினார். அதற்குப் பிறகு அவள் மற்றப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிடவேயில்லை.

மூத்த மகளைப் பற்றி அவர்கள் கதைப்பதில்லை. முன்பு வருடத்துக்கு ஒருமுறை, சுனாமி வந்த டிசம்பர் இருபத்தாறில், பெயர் அடையாளம் தெரியாமல் அடக்கப்பட்டவர்கள் கிடக்கும் மண்ணுக்கு இரண்டு பேரும் போய் துஆக் கேட்டு வருவார்கள். அந்த வருடம் அவர் விழித்து வெளியே வந்தபோது அவள் ஏற்கனவே போயிருந்தாள்.

இஸ்ஸதீன் இப்போது தினமும் பட்டி கட்டிக்கொண்டுதான் கிளைக்குப் போகிறார். கம்பனி விரும்புகிறது, கட்டாமல் விடுவதற்கு அவரிடம் காரணமும் இல்லை. பள்ளிவாசலில் ஒருவர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். இஸ்ஸதீன் ஸலாம் சொல்லிவிட்டுக் கடந்துபோனார். ஓய்வுபெற இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது. ஒவ்வொரு காலையும் அறைக் கண்ணாடி முன்னால் முடிச்சைப் போட்டு இறுக்கிவிட்டு அவர் குசினி வழியாக வெளியே போவார். றுமானா மேசையில் சோற்றுப் பார்சலை வைத்துவிட்டு, மோட்டார் சைக்கிள் சத்தம் வாசல் கேற்றைத் தாண்டும்வரை அடுப்பைப் பார்த்தபடி நிற்பாள்.